தொர்தோஞ் ஆற்றங்கரை: பழைய ஊர்களும் வாரச்சந்தைகளும் படகுப் பயணமும் – முழுமையான வழிகாட்டி

பிரான்சின் தென்மேற்கில், தொர்தோஞ் ஆறு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் பகுதிக்குப் பெரிகோர் நுவார் என்று பெயர். சார்லா என்ற ஊரை மையமாக வைத்துக்கொண்டால் தொம், லா ரோக்-காஜாக், பெய்னாக், காஸ்தெல்நோ எல்லாமே 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மேப்பைப் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்போடு வருகிறவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

தூரம் இங்கே ஒரு பொருட்டே கிடையாது. கிழமையும் நேரமும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சந்தை மதியம் ஒரு மணியோடு கலைந்துவிடும். உணவகத்தில் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை பாதிக் கடைகள் திறக்காது. அதனால் கிழமையை முதலில் பிடித்துக்கொண்டு, ஊர்களை அதற்குள் பொருத்தும் வரிசையில்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாங்கி நிற்கிறது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே பாதி முதல் ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர். என்னைக் கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிரான்சு முழுக்க விடுமுறை. பெய்னாக் வழியாகப் போகும் ஆற்றங்கரைச் சாலை ஒடுக்கமானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. ஊரைச் சுற்றிப்போகப் புறவழிச்சாலை கட்டத் தொடங்கினார்கள், ஆனால் 2018 கடைசியில் நீதிமன்றம் அந்த வேலையை நிறுத்திவிட்டது. அதனால் கோடையில் அந்த ஒரு தெருவுக்குள் எல்லா வண்டியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வெயிலும் சில நாட்களில் 38 பாகையைத் தாண்டும்; கல் கட்டிய தெருக்கள் அந்தச் சூட்டை இரவு வரை வைத்திருக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வந்தால் கூட்டம் இருக்காது, ஆனால் படகும் இருக்காது. ஆற்றில் ஓடும் பெரிய படகுகள் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசியில் நின்றுவிடும். துடுப்புப் படகுக்குக் காலம் இன்னும் குறைவு. பல விடுதிகளும் உணவகங்களும் குளிர்காலம் முழுக்கப் பூட்டியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சார்லாவில் நடக்கும் கருப்பு ட்ரஃபிள் காளான் சந்தையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மட்டும் அப்போது வாருங்கள்.

2. சந்தைக் கிழமைகளை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதி, அதன் பக்கத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

செவ்வாய் – லெ ப்யூக்
புதன் – சார்லா
வியாழன் – தொம், மோன்பாசியே, லலேந்த்
வெள்ளி – சூயாக், வடக்கே பிராந்தோம்
சனி – சார்லா (பெரியது)
ஞாயிறு – சான்-சிப்ரியான், தெற்கே இசிழாக்

இவை காலங்காலமாக அதே கிழமையில் நடப்பவை. கோடையில் மட்டும் கூடும் சிறு சந்தைகளும் இரவுச் சந்தைகளும் தனி. அவற்றின் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், போன பிறகு ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் அந்த வாரத்துக்கான தாளை வாங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது. இரவுச் சந்தை பெரும்பாலும் சாப்பாட்டுச் சந்தைதான். சதுக்கத்தில் நீள மேசைகள் போட்டிருப்பார்கள். தட்டு, கரண்டி, கோப்பையை நாமே எடுத்துப்போவது பல ஊர்களில் வழக்கம். வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்.

எத்தனை சந்தை பார்க்கலாம்? ஒரு வாரத்துக்கு இரண்டு போதும். ஒன்று சார்லா, இன்னொன்று ஏதாவது சின்ன ஊர். மூன்றாவதில் அதே வால்நட் எண்ணெயும் அதே சோப்பும் கண்ணில் படும்போது சலித்துவிடும். என் தேர்வு, புதன்கிழமை சார்லாவும் ஞாயிறு சான்-சிப்ரியானும். சனிக்கிழமை ஏன் வேண்டாம் என்பதற்கு அடுத்த படியில் காரணம் இருக்கிறது.

3. தங்குமிடத்தைச் சந்தையோடு பொருத்துங்கள்

இந்தப் பகுதியில் ழீத் என்று சொல்லும் வாடகை வீடுகள் அதிகம். குடும்பமாகப் போனால், அதுவும் நம் சமையல் வேண்டும் என்றால், இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் இவற்றைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் கொடுப்பார்கள். காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். புதிய வீட்டின் சாவி மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் கிடைக்கும்.

அந்த இடைவெளியில் பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு சார்லா சனிச் சந்தைக்குப் போகிறார்கள். எல்லோருக்கும் அதே யோசனைதான் தோன்றியிருக்கும். ஊருக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் பெட்டி நிறைந்த வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாகச் சுற்ற முடியாது. வாங்கிய பாலாடைக்கட்டி மாலை வரை வெயிலில் கிடக்கும். ஆகவே சனியைப் பயணத்துக்கு விட்டுவிட்டுப் புதன்கிழமை சந்தைக்குப் போங்கள். கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடகை வீட்டில் மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடக்கமா, கிளம்பும்போது துப்புரவுக்குத் தனிக் கட்டணமா, சுற்றுலா வரி எவ்வளவு. விரிப்பு இல்லாத கட்டிலோடு முதல் இரவைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று நாள் மட்டும் என்றால் ஷாம்ப்ர் தோத் எடுங்கள். வீட்டுக்காரர்களே ஒன்றிரண்டு அறைகளை விருந்தினருக்குக் கொடுக்கும் முறை இது. காலை உணவும் சேர்த்தி. வரவேற்பு மேசை என்று ஒன்று கிடையாது என்பதால், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த ஊரில் தங்குவது? கார் இல்லாதவர்கள் சார்லாவில். கார் உள்ளவர்கள் விட்ராக், செனாக், வெசாக் போன்ற ஆற்றோரச் சிற்றூர்களில். அங்கிருந்து ஆறும் பக்கம், சார்லாவும் பக்கம். வாடகையும் பழைய நகருக்குள் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

4. போய்ச் சேர்வதும் காரும்

பாரிசிலிருந்து இரண்டு வழி. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போர்தோ. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சார்லாவுக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் போல. அல்லது ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நாலு, நாலரை மணி நேரத்தில் பிரீவ். அங்கிருந்து காரில் 50 கிலோமீட்டர். கார் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வழி சுருக்கம்.

காரைச் சார்லாவில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சிறிய ஊர், வண்டிகள் குறைவு. போர்தோ, பிரீவ், பெர்ஜராக் மூன்றில் ஒன்றில் எடுங்கள். சிறு நகரங்களின் வாடகைக் கார் அலுவலகங்கள் மதிய இடைவேளைக்கு மூடும், ஞாயிறன்று பெரும்பாலும் திறக்கவே திறக்காது. ரயில் வந்து சேரும் நேரம் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்துக்குள் விழுகிறதா என்று பார்த்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவர வேண்டும். இங்கே வந்த பிறகு அதை வாங்க முடியாது. டெபாசிட் பிடிக்கக் கிரெடிட் கார்டு வேண்டும். அது வண்டி ஓட்டுகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா ஓட்ட, மகன் கார்டைத் தேய்க்க என்பதெல்லாம் நடக்காது. கியர் வண்டிதான் இங்கே சாதாரணம் என்பதால் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாகக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். வலப்பக்கமாக ஓட்டுவது, இடப்பக்கம் ஸ்டீயரிங் என்று இரண்டும் புதிதாக இருக்கும்போது கியரோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

சாலையில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஊருக்குள் எந்தப் பலகையும் கோடும் இல்லாத முக்கில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அது சின்னச் சந்திலிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். ரவுண்டானாவில் இது தலைகீழ். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டுத்தான் நுழைய வேண்டும். இரண்டு, ஊருக்குள் 50, வெளியே கிராமச் சாலைகளில் பொதுவாக 80 என்பது வேக வரம்பு. ஊர்ப் பெயர்ப் பலகையே 50-க்கான அறிவிப்பு. தனியாக எண் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் கேமராவில் மாட்டுவது இங்கேதான்.

மேப் செயலி சில சமயம் குறுக்குவழி என்று பண்ணைப் பாதையில் கொண்டுபோய் விடும். சார்லாவிலிருந்து தொம் போக டி46, பெய்னாக் போக டி57, ஆற்றங்கரையை ஒட்டிப் போக டி703 என்று சாலை எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மேப்பை முன்பே இறக்கி வைப்பது நல்லது.

கார் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு நல்ல வழி உண்டு. சார்லாவின் தெற்கே, பழைய ரயில் தடத்தின் மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள்; கார்சாக், க்ரொலெழாக் வழியாக ஆற்றுக்கு இறங்கிச் சூயாக் பக்கம் போகிறது. ரயில் தடம் என்பதால் ஏற்றம் தெரியாது. மின்சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் வயதானவர்களுக்கும் சிரமமில்லை.

5. எதை முன்பே பதிவு செய்ய வேண்டும்

தங்குமிடத்துக்கு அடுத்தது குகை ஓவியங்கள். மோன்தின்யாக்கில் உள்ள லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்று ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963-ல் மூடிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த முழு அளவு நகல். அதற்கு மணி குறித்த டிக்கெட்; வழிகாட்டி அழைத்துப் போவார். ஆங்கிலத்தில் விளக்கும் நேரங்கள் சில மட்டுமே இருப்பதால் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். அசல் ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் லெசெஸி பக்கத்தில் உள்ள ஃபோன்-த-கோம். ஒரு நாளைக்கு மிகக் குறைவான பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், ஆகவே இன்னும் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

கோட்டைகளுக்கு முன்பதிவு தேவையில்லை. ஜூலை, ஆகஸ்ட் வியாழக்கிழமை மாலைகளில் மார்கேசாக் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகளை ஏற்றிவைப்பார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் முன்னால் டிக்கெட் எடுத்துவிடுங்கள். படகுக்கு இரண்டு நாள் முன் சொன்னால் போதும். இந்த ஒன்றை வெகு முன்னதாகப் பதிவு செய்வதுதான் தவறு. வானிலையைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ள இடம் வேண்டும்.

6. சந்தை நாள்: மணிக்கு மணி

எட்டரைக்குள் ஊருக்குள் இருங்கள். அதாவது வண்டியை நிறுத்தி, நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் நடைபாதையே நகராது.

வண்டி நிறுத்தும்போது பலகையைப் படியுங்கள். சந்தை நடக்கும் சதுக்கங்களில் முந்தின இரவிலிருந்தோ விடியற்காலையிலிருந்தோ நிறுத்தத் தடை இருக்கும். மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முந்தின நாள் மாலை அங்கே காலி இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்து நிறுத்துகிறவர்கள்தான் மாட்டுவது. நீலக்கோடு போட்ட இடங்கள் இலவசம், ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டு ஒன்றைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் புகையிலைக் கடையில் கிடைக்கும்.

கையில் சில்லறை வேண்டும். பெரிய கடைகளில் கார்டு எடுப்பார்கள்; இரண்டு கூடை காய் வைத்திருக்கும் பாட்டியிடம் அது நடக்காது. 50 யூரோ நோட்டை நீட்டி மூன்று யூரோவுக்குக் கீரை வாங்குவதும் முறையாக இருக்காது. சின்ன ஊர்களில் ஏடிஎம் கிடைக்காது, அதனால் முந்தின நாளே எடுத்து வையுங்கள். துணிப்பை இரண்டு, பாலாடைக்கட்டிக்கு ஒரு குளிர்ப்பை.

சந்தைக்குள் போனதும் உடனே வாங்காதீர்கள். லிபர்த்தே சதுக்கத்தில் தொடங்கி ஒரு சுற்று முழுக்க வாருங்கள். யார் விளைவித்து விற்கிறார், யார் மொத்தச் சந்தையில் வாங்கி விற்கிறார் என்பது அந்தச் சுற்றில்தான் தெரியும். அடையாளம் எளிது. மேசையில் வாழைப்பழமும் எலுமிச்சையும் இருந்தால் அது வாங்கி விற்கும் கடை. இரண்டும் இந்த மண்ணில் விளைபவை அல்ல. மூன்றே மூன்று பொருள், அளவில் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல், கையால் எழுதிய விலைச்சீட்டோடு இருந்தால் அவர் விவசாயியாக இருக்க வாய்ப்பு அதிகம். பலகையில் ப்ரொத்யூக்தர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். உற்பத்தியாளர் என்பதை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். இப்படிப்பட்ட கடைகள் பெரும்பாலும் சதுக்கத்தின் நடுவில் இருக்காது, ஓரத்தில்தான் இருக்கும்.

வாங்கும்போது முதல் சொல் போன்ழூர். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் இறுகிவிடும். சொன்னால் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் பொறுமையாகப் பதில் வரும். பழத்தைத் தொட்டு, அழுத்திப் பார்க்காதீர்கள். நம் ஊர்ச் சந்தைப் பழக்கம் கையை இழுக்கும், தெரியும். இங்கே பொறுக்குவது விற்பவரின் வேலை. பேரம் பேசுவதும் வழக்கமில்லை.

முலாம்பழக் கடையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். விற்பவர் உங்களிடம் எத்தனை என்று கேட்பதற்கு முன் எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பார். இன்று மதியமா, இரவா, நாளையா? பதிலைக் கேட்டு ஒன்றை எடுத்து, காம்புப் பக்கத்தை மூக்கருகில் கொண்டுபோவார். காம்பைச் சுற்றி மெல்லிய வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பெருவிரலால் தடவுவார். வேண்டாம் என்று வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். மதியத்துக்கு என்று வாங்கியதை நாளைக்கு வைத்தால் புளித்துவிடும். கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்.

என்ன வாங்குவது என்பது மாதத்தைப் பொறுத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஸ்ட்ராபெரி. ஜூலை, ஆகஸ்டில் முலாம்பழமும் தக்காளியும். செப்டம்பர் கடைசி முதல் வால்நட், செப் காளான், கஷ்கொட்டை. ஆட்டுப்பாலில் செய்த கபெக்கு என்ற சின்ன வட்டப் பாலாடைக்கட்டி ஆண்டு முழுக்க உண்டு. இளசு, நடுத்தரம், காய்ந்தது என்று மூன்று பக்குவம் இருக்கும், முதல் முறை நடுத்தரம் கேளுங்கள். வால்நட் எண்ணெயைச் சூடாக்கிச் சமைக்கக் கூடாது; கசந்துவிடும். காய்கறிக் கலவை மேல் ஊற்றவே அது.

பதினொரு மணிக்குப் பழைய சாந்த்-மரி தேவாலயத்துக்குள் இருக்கும் கூரைச் சந்தைக்குப் போங்கள். ழான் நுவெல் என்ற கட்டடக் கலைஞர் வளர்ந்த ஊர் இது. அந்தப் பாதி இடிந்த தேவாலயத்தைச் சந்தையாக்கி, வாசலுக்குப் பனைமர உயரத்தில் இரும்புக் கதவுகள் போட்டவர் அவர்தான். கோபுரத்துக்குள் கண்ணாடி லிஃப்ட் ஒன்று இருக்கிறது. மேலே போனால் ஓடு போலக் கல் பலகைகளை அடுக்கி வேய்ந்த கூரைகள் ஊர் முழுக்கத் தெரியும். இதைக் காலையிலேயே செய்தால் சந்தையின் நல்ல நேரம் வீணாகும். அதனால்தான் பதினொரு மணி.

பன்னிரண்டே காலுக்குள் உணவகத்தில் உட்காருங்கள், அல்லது வாங்கியதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு மணிக்கு உணவுக் கடைகள் மூட்டை கட்டிவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் இதே ஊருக்குத் திரும்பி வந்தால் கூட்டமில்லாத தெருக்களில் கல் சுவர்களை நிதானமாகப் பார்க்கலாம். காலையில் சந்தை, மாலையில் ஊர். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் இரண்டும் கண்ணில் நிற்காது.

7. ஆற்றில் ஒரு நாள்

இரண்டு வகை உண்டு. லா ரோக்-காஜாக்கிலிருந்து கபார் என்ற தட்டையான மரப்படகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக் காட்டும். சின்னக் குழந்தைகள், முழங்கால் வலி உள்ளவர்கள், நீச்சல் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அதுதான் சரி. மற்றவர்கள் துடுப்புப் படகு எடுங்கள். ஆற்றின் வேகத்திலேயே ஊர்கள் ஒவ்வொன்றாக எதிரே வரும் அனுபவம் கரையிலிருந்து கிடைக்காது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொதுவாக ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத்தான் ஏற்றுவார்கள். லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். தண்ணீர் ஆழமில்லை என்று அதைக் கழற்றிவிடாதீர்கள்.

எங்கிருந்து எங்கே? முதல் முறைக்குச் செனாக்கிலிருந்து பெய்னாக் வரை, சுமார் 9 கிலோமீட்டர். நிதானமாகத் துடுப்புப் போட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரம். வலக்கரையில் லா ரோக்-காஜாக், பிறகு இடக்கரையில் காஸ்தெல்நோ கோட்டை, கடைசியில் வலக்கரையில் பெய்னாக் என்று மூன்றும் வரிசையாக வந்துவிடும். விட்ராக்கிலிருந்து 16 கிலோமீட்டர் என்பது தோள் பழகியவர்களுக்கு.

காலை ஒன்பதரைக்கெல்லாம் ஏறிவிடுங்கள். ஆறு இங்கே மேற்கு நோக்கி ஓடுகிறது. காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே வரும் பாறைகளிலும் கோட்டைகளிலும் வெளிச்சம் நேராக விழும். மாலையில் போனால் கண் கூசும், படமும் கறுத்துவிடும். பதினொன்றரைக்கு மேல் மற்ற படகுகளும் மொத்தமாக இறங்கும்.

படகு நிலையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: வண்டியை முடிவிடத்தில் விட்டுவிட்டு, அவர்கள் வேனில் தொடக்கத்துக்குக் கூட்டிப்போவார்களா, அல்லது முடித்த பிறகு திரும்பக் கொண்டுவிடுவார்களா? முதல் முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வேன் வரும் நேரத்தை நினைத்துத் துடுப்பை அவசரப்படுத்த வேண்டியதில்லை. வழியில் கூழாங்கல் திட்டில் இறங்கிச் சாப்பிடலாம்.

போன், சாவி, பாஸ்போர்ட் நகல் எல்லாம் அவர்கள் தரும் மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய்க்குள். ரப்பர் செருப்பு ஒத்துவராது; சேற்றில் ஒன்று, நீரோட்டத்தில் ஒன்று என்று போய்விடும். பின்னால் வார் வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு மாற்று உடை. இரண்டு பேர் படகில் வலுவுள்ளவர் பின்னால் உட்கார வேண்டும். படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர்தான். முன்னால் இருப்பவர் சும்மா சீராகத் தள்ளினால் போதும். வட்டம் சுற்றும் படகுகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான் மாறியிருக்கும்.

மழைக்கு மறுநாள் நீர் கலங்கி, வேகமாக ஓடினால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஆற்றின் மேற்பகுதியில் பெரிய அணைகள் உள்ளன. அர்ஜாந்தா பக்கக் கரைகளில் வெயிலடிக்கும்போதும் நீர்மட்டம் திடீரென உயரலாம் என்ற எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்கலாம். அங்கே ஆற்று நடுவே உள்ள திட்டுகளில் பாய் விரித்துத் தூங்காதீர்கள்.

8. குன்றின் மேல் உள்ள ஊர்கள்

தொம்: மதில் சூழ்ந்த ஊர், 1281-ல் அரசர் மூன்றாம் பிலிப் நிறுவியது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ, பருவத்தில் ஓடும் குட்டி ரயிலிலோ ஏறுங்கள். சதுக்கத்தில் உள்ள பழைய சந்தை மண்டபத்துக்குள்தான் ஊருக்கு அடியில் உள்ள குகையின் வாசல் இருக்கிறது. குகையை முதலில் முடியுங்கள். வெளியேறுவது குன்றின் விளிம்பில் உள்ள லிஃப்ட் வழியாக, நேரே காட்சி மேடைப் பக்கம் கொண்டுவிடும். மேடை வடக்குப் பார்த்தது. வெயில் எந்நேரமும் முதுகுப் பக்கமே இருப்பதால் இந்த ஊருக்கு மதியத்தில்கூட வரலாம்.

காஸ்தெல்நோ: காலையில் வாருங்கள். போர்க்கருவி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மதிலுக்குப் போனால் எதிர்க்கரையில் பெய்னாக் முழு வெளிச்சத்தில் நிற்கும். பிரெஞ்சு, ஆங்கிலேய அரசுகளுக்கு இடையே நடந்த நூறாண்டுப் போரில் இந்த இரண்டு கோட்டைகளும் எதிரெதிர் அணியில் இருந்தவை. ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்தால்தான் ஆற்றை யார் பிடித்திருந்தார்கள் என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியும்.

பெய்னாக்: ஆற்றங்கரையிலிருந்து கோட்டை வரை செங்குத்தான கல் பாதை. பெரியவர்கள் உடன் இருந்தால் அவர்களைக் கோட்டை அருகே உள்ள மேல் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, நடக்க முடிந்தவர்கள் கீழிருந்து ஏறுங்கள். மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும்.

லா ரோக்-காஜாக்: ஊரே தெற்குப் பார்த்த பாறையின் மடியில். பின்மாலையில் மஞ்சள் வெயில் பாறையில் அடிக்கும்போது எதிர்ப்புறமிருந்து பார்க்க வேண்டும். ஆற்றங்கரை வீடுகளின் மேல் வரிசையில் சிறு சந்து ஒன்று போகிறது; வாழையும் மூங்கிலும் அங்கே வளர்கின்றன. பாறை குளிர்காற்றைத் தடுத்து, வெயிலைத் திருப்பிக் கொடுப்பதால்தான் இந்த அட்சரேகையில் அவை பிழைக்கின்றன. 1957-ல் பாறையின் ஒரு பகுதி சரிந்து உயிர்களைக் குடித்தது. தடுப்பு போட்ட இடங்களுக்குள் ஏறாதீர்கள்.

நாலு ஊரையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்குக் குன்று ஏற்றம் ஒன்று, ஆற்றங்கரை ஒன்று என்று வைத்தால் கால் தாங்கும்.

9. சாப்பாடு, முக்கியமாகச் சைவம்

மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரை. ஒன்றரைக்கு மேல் போனால் தயங்குவார்கள். இரவு ஏழு, ஏழரைக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் பேக்கரிதான் கதி. பையில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும்.

சைவர்கள் இந்தப் பகுதியில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இது வாத்து நாடு. சமையல் எண்ணெய்க்குப் பதில் வாத்துக் கொழுப்பைப் பயன்படுத்துவது பரம்பரை வழக்கம். சார்லா உருளைக்கிழங்கு என்று மெனுவில் இருப்பது பார்க்க வெறும் உருளையும் பூண்டும்தான். வறுத்தது வாத்துக் கொழுப்பில். தூரேன் என்ற பூண்டு ரசம் போன்ற சூப்பிலும் அதே கதை. ஆட்டுப் பாலாடைக்கட்டி சாலட் கேட்டால் மேலே பன்றித்துண்டோ வாத்தின் இரைப்பையோ தூவி வரலாம். நான் சைவம் என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். கொழுப்பு அவர்கள் நினைவுக்கு வராது. சான் வியாந்த், சான் கிரெஸ் த கனார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சியும் வேண்டாம், வாத்துக் கொழுப்பும் வேண்டாம் என்று பொருள்.

இதனால்தான் குடும்பமாக வருகிறவர்களுக்கு அடுப்புள்ள வீட்டைச் சொல்கிறேன். பாரிஸ் வழியாக வந்தால் லா ஷப்பெல் பக்கத் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பெரிகோர் ஊர்களில் அவை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காய்கறிக்குச் சந்தை இருக்கிறது.

ஃபுவா க்ரா எல்லாக் கடையிலும் கண்ணில் படும். வாத்துக்கும் கூஸ் என்ற பெரிய வாத்துக்கும் குழாய் வைத்து ஊட்டி, ஈரலைப் பெருக்க வைத்துச் செய்வது அது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். விற்பவர் ருசி பார்க்க நீட்டும்போது மெர்சி சொல்லி மறுப்பதில் தவறில்லை.

10. ஞாயிறு, திங்கள், மழை

ஞாயிறு பன்னிரண்டரைக்குப் பிறகு சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். திங்களன்று பல பேக்கரிகளும் உணவகங்களும் விடுமுறை. ஆகவே ஞாயிறு காலை சான்-சிப்ரியான் சந்தையில் ஒன்றரை நாளுக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள். திங்களைத் தோட்டத்துக்கும் கோட்டைக்கும் ஒதுக்குங்கள்.

பெட்ரோல் பங்குகளில் இந்த நாட்களில் ஆளிருக்க மாட்டார்கள், இயந்திரம் மட்டும்தான். சிப்பும் பின் எண்ணும் உள்ள கார்டு வேண்டும். எண்ணெய் பிடிக்கும் முன்பே 100 யூரோவுக்கு மேல் ஒரு தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, பிறகு உண்மையான தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கார்டில் அவ்வளவு வரம்பு இல்லையென்றால் இயந்திரம் மறுத்துவிடும், பலர் கார்டு பழுது என்று நினைத்துப் பதறுவார்கள். கசோல் என்றால் டீசல். வாடகைக் காரின் மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே குழாயைத் தொடுங்கள்.

மழை நாளைக் குகைக்கு வைத்துக்கொள்ளலாம், டிக்கெட் கிடைக்குமானால். லாஸ்கோவுக்கு முன்பே நாள் குறித்துவிட்டவர்கள் ரூஃபின்யாக் குகையை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மின் ரயிலில் உட்கார்ந்தபடியே மாமத் என்ற பழங்கால யானையின் ஓவியங்களைப் பார்க்கலாம், நடக்க முடியாதவர்களுக்கும் ஏற்றது. குகைக்குள் கோடையிலும் 13 பாகை அளவுதான் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் காரில் ஒரு ஸ்வெட்டர் கிடக்கட்டும்.